ஆரியன் என்று சொல்லியும் கிடைக்காத குடியுரிமை

நமது சங்க அங்கத்தினர் வீடுகளில், அமெரிக்காவில் ஒரு பிள்ளையோ பெண்ணோ மாப்பிள்ளையோ இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். சித்தூர் கட்டமஞ்சியானாலும் சரி, திருப்பதி பைராகிப்பட்டெடையானாலும் சரி, இரண்டு பெரியவர்கள் மாலையில் சந்தித்தால் முதலில் சர்க்கரை அளவை விசாரிப்பார்கள். அடுத்த கேள்வி "கிரீன் கார்டு வந்துடுத்தா?" என்பதுதான். சிட்டிசன்ஷிப்பே கிடைத்துவிட்டால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, இனி கவலை இல்லை என்று நிம்மதி அடைகிறோம்.

அந்த நிம்மதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே அமெரிக்காவில், கோர்ட்டில் நின்று பிரமாணம் செய்து முறைப்படி குடியுரிமை பெற்ற நம் நாட்டவரிடமிருந்து அதை சர்க்காரே திரும்பப் பறித்துக்கொண்ட ஒரு காலம் இருந்தது. அதற்கு வழிவகுத்த தீர்ப்பு 1923ஆம் வருஷத்தது. அந்த வழக்கில் நம்மவர் தரப்பில் வைக்கப்பட்ட முக்கிய வாதம், "நாங்கள் ஆரியர்கள், உயர்ந்த ஜாதியினர்" என்பது. அந்த வாதம் என்ன ஆயிற்று என்பதை மற்றவர்களைக் காட்டிலும் நம் சமூகத்தார் தெரிந்துகொள்வது நல்லது என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

வெள்ளையருக்கு மட்டும்

அமெரிக்கா சுதந்திரம் அடைந்த சில வருஷங்களிலேயே, 1790இல், அந்நியர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே மனுச் செய்யலாம் என்று அதில் கண்டிருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, 1870இல் ஆப்பிரிக்க வம்சத்தினரையும் சேர்த்தார்கள். ஆசியாக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1882இல் சீனத் தொழிலாளர் வருவதையே தடுத்து ஒரு சட்டம் வந்தது.

ஆகவே, இந்தியாவிலிருந்து போன ஒருவர் குடியுரிமை கேட்டால், அவர் வெள்ளையரா இல்லையா என்று ஒரு ஜட்ஜ் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஊருக்கு ஊர் தீர்ப்பு வேறுபட்டது. பிக்காஜி பல்சாரா என்ற பார்சிக்காரருக்கு நியூயார்க்கில் கிடைத்ததை 1910இல் அப்பீல் கோர்ட் உறுதி செய்தது. வங்காளத்து அக்ஷய் குமார் மஜும்தாருக்கு 1913இல் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்தது. மற்றொரு பக்கம், 1907 செப்டம்பரில் அதே மாநிலத்தின் பெல்லிங்ஹாம் ஊரில், மர ஆலைகளில் வேலை செய்த நூற்றுக்கணக்கான பஞ்சாபியரை ஒரு கும்பல் அடித்து விரட்டியது.

ஜட்ஜுகள் துணைக்கு அழைத்தது அன்றைய விஞ்ஞானத்தை. நான் திருப்பதியில் விலங்கியல் எடுத்து பி.எஸ்ஸி. படித்தவன். மனித குலத்தைக் காக்கசாய்டு, மங்கோலாய்டு, நீக்ராய்டு என்று பிரித்துப் போட்ட படம் எங்கள் பாடப் புத்தகத்திலும் இருந்தது. இந்தக் 'காக்கேசியன்' என்ற பெயரைப் பிரபலப்படுத்தியவர் ப்ளூமன்பாக் என்ற ஜெர்மானிய வைத்தியப் பேராசிரியர். 1795இல் வெளிவந்த தம் புத்தகப் பதிப்பில், தாம் சேகரித்த மண்டையோடுகளில் காக்கசஸ் மலைப் பக்கத்து ஜார்ஜியப் பெண் ஒருத்தியின் மண்டையோடே மிக அழகானது என்று கருதி, ஐரோப்பியர் முதலானோருக்கு அந்தப் பெயரை வைத்தார். ஒரு மனிதரின் அழகு ரசனை, நூறு வருஷம் கழித்துக் கடல் தாண்டிய தேசத்தில் யாருக்கு ஓட்டு, யாருக்கு நிலம் என்று தீர்மானிக்கும் அளவுகோல் ஆகிவிட்டது.

மூன்று மாதத்தில் மாறிய அளவுகோல்

தக்காவோ ஓசாவா என்ற ஜப்பானியர் இருபது வருஷம் அமெரிக்க மண்ணில் வாழ்ந்தவர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். வீட்டில் குழந்தைகளோடு இங்கிலீஷே பேசியவர். நன்னடத்தையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1922 நவம்பர் 13 அன்று தீர்ப்பு சொன்ன நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட், வெள்ளையர் என்றால் தோலின் நிறம் அல்ல, காக்கேசிய இனம் என்றே பொருள் என்றார். ஜப்பானியர் அந்த இனம் இல்லை. மனு தள்ளுபடி.

இதைப் படித்த இந்தியர்களுக்குச் சந்தோஷம். விஞ்ஞானப் புத்தகங்களில் வட இந்தியரைக் காக்கேசியர் என்றுதானே எழுதியிருக்கிறது? அப்போது அதே கோர்ட்டில் நிலுவையில் இருந்தது பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கு. (தூக்குமேடை ஏறிய நம் பகத் சிங் வேறு, இவர் வேறு.) அமிர்தசரஸ் ஜில்லாவில் பிறந்து, 1913இல் அமெரிக்கா போய், ஆரிகன் மாநிலத்து மர ஆலைகளில் வேலை செய்தவர். 1918இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டவர். அந்த டிசம்பரிலேயே கிடைத்த குடியுரிமை சில நாட்களில் ரத்தாயிற்று. 1920இல் ஆரிகன் கோர்ட்டில் மறுபடி கிடைத்தது. சர்க்கார் அப்பீல் செய்தது.

திந்த் சீக்கியர். ஆனாலும் வழக்குக் காகிதங்களில் அவர் 'உயர் ஜாதி ஹிந்து' என்றே குறிக்கப்பட்டார். அவர் தரப்பு வாதம் இரண்டு படி. ஒன்று, பஞ்சாபியர் ஆரியர், ஆகவே காக்கேசியர். இரண்டாவது, உயர் ஜாதிக்காரர்கள் இந்தியாவின் பழங்குடிகளோடு சம்பந்தம் செய்துகொள்வதில்லை. அமெரிக்க வெள்ளையர் நீக்ரோவரை எப்படி நினைக்கிறார்களோ அப்படியே இவர்களும் அவர்களை நினைக்கிறார்கள், ஆகவே ரத்தம் கலக்கவில்லை. அதாவது, 'உங்களைப் போலவே நாங்களும் மற்றவர்களைத் தள்ளி வைக்கிறவர்கள்தான், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்பதே அதன் சாரம்.

1923 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் அதே சதர்லாண்ட். நீதிபதிகளில் ஒருவர்கூட மாறுபடவில்லை. ஆரியர் என்பது பாஷையைக் குறிக்கும் சொல், இனத்தை அல்ல என்றார். (இதை மாக்ஸ் முல்லரே 1888இல் அழுத்தமாகச் சொல்லியிருந்தார்.) சட்டத்தில் உள்ள 'வெள்ளையர்' என்ற சொல்லுக்கு விஞ்ஞானியின் அர்த்தம் பொருந்தாது, சாதாரண மனிதனின் புரிதலே பொருந்தும் என்றார். ஐரோப்பியரின் பிள்ளைகள் சீக்கிரமே கலந்துவிடுவார்கள், இந்தியரின் பிள்ளைகளோ தனியாகத் தெரிவார்கள் என்றார். மூன்று மாதம் முன்பு ஜப்பானியரைத் தள்ளுவதற்கு விஞ்ஞானம் பயன்பட்டது. இந்தியரைத் தள்ளும்போது விஞ்ஞானத்தை ஓரமாக வைத்துவிட்டார்கள். இதில் இன்னொரு விசேஷம், சதர்லாண்டே 1862இல் இங்கிலாந்தில் பிறந்து, குழந்தையாகக் கப்பலில் வந்து சேர்ந்தவர்.

இதே காலத்தில் நம் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, தம்பி நித்யானந்தாவின் க்ஷயரோகத்துக்கு நல்ல சீதோஷ்ணம் தேடி 1922 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தார். உலகம் போற்றும் ஒரு தத்துவ ஞானிக்கு அந்தப் பள்ளத்தாக்கில் வாசம் செய்ய இடம் இருந்தது. அந்த தேசத்துப் பிரஜை ஆக, அடுத்த பிப்ரவரிக்குப் பிறகு அவருக்கும் சட்டத்தில் இடம் இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு

புதிதாக யாருக்கும் கிடைக்காது என்பதோடு விஷயம் நிற்கவில்லை. ஏற்கெனவே கொடுத்ததும் சட்ட விரோதமாகப் பெற்றது என்று சொல்லி, சர்க்கார் ஒவ்வொருவர் மேலும் வழக்குத் தொடர்ந்தது. மஜும்தாரின் குடியுரிமை போயிற்று. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி இழந்தார்கள். கலிஃபோர்னியாவில் குடியுரிமை பெறத் தகுதி இல்லாத அந்நியர் நிலம் வாங்கக் கூடாது என்று 1913இலேயே சட்டம் உண்டு. ஆகவே காகிதம் போனதும் நிலமும் கைவிட்டுப் போயிற்று.

வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் கதை மனதை உருக்குவது. பெஷாவரைச் சேர்ந்தவர். 1915இல் மனைவி கலா, மூன்று பிள்ளைகளோடு ஸான் ஃப்ரான்ஸிஸ்கோ போய்க் கடை வைத்தார். பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோன அன்று, அக்கம்பக்கத்தார் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே விடவில்லை. குழந்தைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கலா அம்மாள் பயந்து, வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்கள். 1921இல் பகாய் அமெரிக்கப் பிரஜை ஆனார். பிரிட்டிஷ் பிரஜை என்ற அந்தஸ்தைத் துறந்தார். தீர்ப்புக்குப் பின் எல்லாம் போயிற்று. ஊருக்கு வந்து உறவினரைப் பார்க்க பாஸ்போர்ட் கேட்டபோது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் போ என்றார்கள். தாம் துறந்ததையே மறுபடி கைநீட்டி வாங்க அவர் மனம் ஒப்பவில்லை. 1928 மார்ச்சில் ஸான் ஹோஸேயில் ஒரு அறை எடுத்து, குழாய் வாயுவைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்துக்கும் ஒரு பத்திரிகைக்கும் காரணத்தை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

என் பேத்தி பிறந்தது அதே ஸான் ஹோஸேயில்தான். என் பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே பதினைந்து வருஷமாக இருக்கிறார்கள். இந்தச் சம்பவத்தை அவர்களுக்குச் சொன்னபோது இருவருக்கும் இது புதிய செய்தி. அந்தக் கலா அம்மாள் மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்து, நெடுங்காலம் வாழ்ந்தார். அவரை உள்ளே விடாத பெர்க்லி நகரமே அண்மையில் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது.

ஒரு பிராமண வக்கீல் வென்ற கதை

ஒருவர் மட்டும் ஜெயித்தார். சகாராம் கணேஷ் பண்டிட் என்ற பிராமணர். 1914இல் குடியுரிமை பெற்று, கலிஃபோர்னியாவில் வக்கீல் தொழில் செய்துவந்தவர். வெள்ளைக்காரப் பெண்மணியை மணந்தவர். சர்க்கார் அவர் மேலும் வழக்குப் போட்டது.

தீர்ப்பு வந்துவிட்ட பிறகு ஆரியர் பேச்சு எடுபடாது. அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: 1914இல் எல்லா விஷயத்தையும் விசாரித்துத்தான் கோர்ட் எனக்குக் குடியுரிமை கொடுத்தது. சர்க்கார் அப்போது அப்பீல் செய்யவில்லை. அதை நம்பி நான் தாய்நாட்டு உரிமைகளை விட்டேன், தொழில் அமைத்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். இப்போது ரத்து செய்தால் என் தொழில் போகும். 1922ஆம் வருஷச் சட்டப்படி, குடியுரிமைக்குத் தகுதியில்லாத அந்நியரை மணந்தவள் என்று என் மனைவியின் பிரஜா உரிமையும் போகும். இது நியாயமா?

என் போன்ற ரெவின்யூக்காரனுக்கு இது நன்றாகப் புரிகிறது. சர்க்காரே பட்டா கொடுத்து, அதை நம்பி அவன் கிணறு வெட்டி, மாந்தோப்பு வைத்து, மரங்கள் காய்க்கத் தொடங்கிய பிறகு, 'பட்டா தப்பு, எழுந்து போ' என்றால் எந்த தர்மம் ஒப்பும்? கீழ்க் கோர்ட் ஒப்புக்கொண்டது. 1926இல் அப்பீல் கோர்ட்டும் உறுதி செய்தது. 1927இல் சுப்ரீம் கோர்ட் சர்க்காரின் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்தது. அதன் பிறகு மற்ற இந்தியர் மேல் போட்ட வழக்குகளையும் சர்க்கார் கைவிட்டது.

திந்த் தம் ரத்தத்தை வைத்து வாதாடித் தோற்றார். பண்டிட் நியாயத்தை வைத்து வாதாடினார். அவர் வெற்றி மற்றவர்களுக்கும் உதவிற்று. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனதில் வைக்க வேண்டுகிறேன்.

வலங்கைமானில் பிறந்த மகாகனம் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அதே வருஷங்களில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் பேசியதும் இந்த இரண்டாவது வகைதான். 1921 லண்டன் மாநாட்டில், சாம்ராஜ்ய நாடுகளில் குடியேறி வாழும் இந்தியருக்கு மற்றப் பிரஜைகளுக்குச் சமமான உரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவேற வைத்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் ஒப்பவில்லை. 1922இல் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா மூன்றுக்கும் போய் வாதாடினார். 1925இல் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த இந்தியருக்கு ஓட்டுரிமை கிடைத்தது. 1923இல் கென்யா விஷயத்தில் அவருக்குத் தோல்விதான். ஆனாலும் எங்கும் அவர் 'நாங்கள் மட்டும் உயர்ந்தவர்கள்' என்று கேட்கவில்லை. 'பிரஜை என்றால் எல்லோரும் ஒன்று' என்றே கேட்டார்.

அதே ஆரியக் கதை, நம் ராஜதானியில்

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். திந்த் கலிஃபோர்னியா பக்கத்தில் தம்மை ஆரியர் என்று நிரூபிக்கப் பாடுபட்ட அதே வருஷங்களில், சென்னை ராஜதானியில் ஆரியர் என்ற அதே சொல்லால் நம்மவர் சுட்டிக்காட்டப்பட்டார்கள். 1916 டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை வந்தது. 1920 தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சிக்கு வந்தது. உத்தியோகங்களில் நம்மவர் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தது உண்மை. மற்ற சமூகத்தார் பங்கு கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆனால் பிற்பாடு மேடைகளில், 'பிராமணர் ஆரியர், வெளியிலிருந்து வந்தவர்' என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. காவிரிக் கரையிலும் பாலாற்றங்கரையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் வந்தேறிகள் ஆனார்கள்.

ஒரே சொல். அங்கே அதைச் சொல்லி உள்ளே போக முடியவில்லை. இங்கே அதைச் சொல்லி வெளியே தள்ளப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் நம்மவர் சிலர் இந்த ஆரியப் பட்டத்தைப் பெருமையாகச் சூட்டிக்கொண்டதும் உண்டு. பட்டம் கொடுத்தவர்கள் வேறு யாரோ. அதற்கு நாளைக்கு என்ன அர்த்தம் என்பதும் அவர்கள் கையில்தான்.

விஞ்ஞானம் இப்போது சொல்வது இரண்டு கட்சிக்கும் சாதகமாக இல்லை. 2009இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுப்படி, இந்தியாவின் ஏறக்குறைய எல்லா சமூகங்களும் இரண்டு ஆதி மக்கள் கூட்டங்களின் கலப்பே. விகிதம் கூடக் குறைய இருக்கிறது, அவ்வளவுதான். கலப்பு இல்லாத ரத்தம் என்று வாதாட இன்று யாருக்கும் முகாந்திரம் இல்லை.

எல்லைக் கோடும் சர்ட்டிபிகேட்டும்

குடியுரிமை, சொந்த ஊர் என்பதெல்லாம் எவ்வளவு தூரம் காகித சமாசாரம் என்பது நம் ஜில்லாக்காரர்களுக்குத் தெரியாததல்ல. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் ஜில்லா முழுவதும் ஆந்திராவில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவில் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. திருத்தணியில் பிறந்து திருப்பதியில் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தேசத்தின் துணை ஜனாதிபதியாக இருக்கும்போதே, அவர் பிறந்த ஊர் இரண்டு தடவை மாநிலம் மாறியது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி ஜில்லா ஆகிவிட்டது. யாரும் வீடு மாறவில்லை, கோடுதான் மாறியது.

நம் அரசியல் சாசனத்தில் ஒரே குடியுரிமைதான் உண்டு. ஆனால் 1975 ஜனாதிபதி உத்தரவுக்குப் பின், ஜில்லா உத்தியோகத்துக்கு 'லோக்கல்' என்று காட்ட வேண்டும். தகுதிப் பரீட்சைக்கு முன் தொடர்ந்து 4 வருஷம் எங்கே படித்தானோ அங்கே அவன் லோக்கல். வேலூரில் தாத்தா வீட்டில் தங்கிப் படித்த சித்தூர்ப் பையன்கள், ஒரு மணி நேர பஸ் தூரத்தில் அந்நியராகி, என் மேஜை முன் வந்து நின்றதுண்டு. பின்தங்கிய பகுதிப் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது; அவசியமும் இருந்தது. ஆனால் பிரஜை என்ற சொல்லுக்குள்ளேயே சட்டம் எத்தனை அறைகள் தடுக்க முடியும் என்பதற்கு அது ஒரு சின்ன உதாரணம்.

பெரிய உதாரணம் இலங்கை. தேயிலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறை உழைத்த ஏழு லட்சம் தமிழர், 1948ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தால் எந்த நாட்டுக்கும் இல்லாதவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. நாமும் முழுக்கச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. 2019இல் திருத்திய நம் குடியுரிமைச் சட்டம் மூன்று அண்டை நாடுகளின் பெயரைச் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் இன்னும் காகிதம் இல்லாமல் இருக்கிறார்கள்.

திறந்த கதவும் நிற்கும் வரிசையும்

அமெரிக்கக் கதையின் மீதி சுருக்கம். 1935இல் முதல் யுத்தத்தில் சேவை செய்தவர்களுக்கு விலக்கு அளித்து ஒரு சட்டம் வந்தது. மறு வருஷம் திந்துக்கு மூன்றாம் முறையாகக் குடியுரிமை கிடைத்தது, அது நிலைத்தது. 1946 ஜூலையில் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம் எல்லா இந்தியருக்கும் குடியுரிமைக் கதவைத் திறந்தது. ஆனால் வருஷத்துக்கு 100 பேர்தான் குடியேறலாம். திலீப் சிங் சவுந்த் 1949இல் பிரஜையாகி, 1956இல் அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிச் சமத்துவச் சட்டங்கள் வந்த அதே அலையில்தான் 1965ஆம் வருஷக் குடியேற்றச் சட்டமும் நிறைவேறியது. நம் டாக்டர்களும் என்ஜினீயர்களும் போனது அந்த வாசல் வழியாகத்தான். திந்த் எவரோடு தம்மைச் சேர்க்கக் கூடாது என்று வாதாடினாரோ, அவர்களுடைய போராட்டம்தான் நம் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்துவிட்டது.

இன்றும் உத்தியோக கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது. நாடு என்றால் பாஸ்போர்ட் அல்ல, பிறந்த இடம். சித்தூரில் பிறந்தவன் கனடா பிரஜை ஆனாலும் இந்தியா வரிசையில்தான் நிற்க வேண்டும். 1898இல் வோங் கிம் ஆர்க் என்ற சீனச் சமையல்காரர் வழக்கில், அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை அமெரிக்கப் பிரஜையே என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. அப்படியிருந்தும், 2025 ஜனவரி 20 அன்று, தாற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கு அது கிடையாது என்று ஜனாதிபதி ஆணை ஒன்று வெளியாயிற்று. உடனே வழக்குகளும் தொடரப்பட்டன. நூறு வருஷம் முன்பு கேட்ட அதே கேள்வி மறுபடி கோர்ட்டுக்கு வந்தது.

நாம் செய்ய வேண்டியது

பிள்ளைகளைப் போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போகட்டும், சிறப்பாக இருக்கட்டும். ஆனால் 'நாங்கள் படித்தவர்கள், ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள், மற்றக் குடியேறிகளைப் போல அல்ல' என்ற பேச்சில் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். 1923இல் அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு கிடைத்தது என்று பார்த்தோம். எல்லோருக்குமான உரிமைக்காக யார் நிற்கிறார்களோ, அவர்கள் பக்கத்தில் நிற்கட்டும். அவர்களுக்குக் கிடைப்பதுதான் நமக்கும் நிலைக்கும்.

இங்கே இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. பெர்க்லியில் கலா அம்மாளை வீட்டுக்குள் விடாத செய்தியைப் படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் சித்தூரிலும் திருப்பதியிலும் நம் மாடிப் போர்ஷனுக்கு வாடகைக்கு ஆள் வரும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி எது? சமையலறையில் என்ன சமைக்கலாம் என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. அந்தக் கேள்வி சாப்பாட்டோடு நிற்கிறதா, ஜாதியை விசாரிக்கும் சாக்காக ஆகிறதா என்பதை அவரவர் மனசாட்சி அறியும். ஸான் ஹோஸேயில் என் பேத்திக்கு எது நடக்கக் கூடாது என்று நான் பெருமாளை வேண்டுகிறேனோ, அது என் வீட்டு வாசலில் இன்னொருவர் பேத்திக்கு நடக்காமல் பார்த்துக்கொள்வது என் கடமை. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் விண்ணப்பம்.